நத்தை மாமாவிடம் ஒரு வார்த்தை

முன்னால் இன்னொரு வண்டி போனாலே வயிறு எரிகிற டிரைவர்கள் உண்டு. போகிறவன் போகட்டும், அவனுக்கு என்ன அவசரமோ என்று ஒதுங்கி வழி விடுகிறவர்களும் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான். இவர் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர். பள்ளிக்கூட வேன் ஓட்டினார். சைக்கிளில் போகிற தபால்காரர்கூட அவரை முந்திக்கொண்டு போவார். அதனால் வேனில் ஏறும் பிள்ளைகள் அவருக்கு நத்தை மாமா என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. யாராவது மறந்துபோய் டிரைவர் மாமா என்று கூப்பிட்டால்தான் காது கேட்காத மாதிரி இருப்பார்.

எந்தப் பிள்ளைக்கு வண்டி ஆடினால் குமட்டும், எது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டும், எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் குடுமிப்பிடிச் சண்டை வரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்துவார். கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு கை வந்து பிள்ளையைப் பிடிக்கும் வரை வண்டியை நகர்த்த மாட்டார். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட மனுஷனின் வேனை ஒரு சட்டம் வந்து வாசலோடு நிறுத்திவிட்டது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அவருடைய மச்சானின் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இளவயதில் இரண்டு பேரும் ஒரே மரக்கடையில் பலகை தூக்கினார்கள். ஒரே டம்ளரில் டீ குடிக்கிற சிநேகம். சிநேகிதனின் தங்கையை இவர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதும் சிநேகம் கசந்துபோயிற்று. பேச்சு முற்றி, அவன் இவருடைய அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை விட்டான். செத்துப்போன அம்மா. இவர் கை தானாக எழுந்துவிட்டது. ஒரே அடி, முன்பல் ஒன்று போயிற்று. அவன் சூட்டோடு சூடாகப் போய்ப் புகார் கொடுத்தான். இவர் அடித்ததை இல்லை என்று சொல்லவில்லை. சில மாதம் உள்ளே போட்டார்கள்.

அவர் வெளியே வருகிற நாளில் சிறை வாசலில் காத்திருந்தது வேறு யாரும் இல்லை, பல் போனவன்தான். கையில் ஒரு துவைத்த சட்டை. "போட்டுக்க மாப்ள, வீட்டுக்குப் போலாம்," என்றான். அதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவன் அன்றைக்குத்தான் மாப்ள என்றான். பெண் கொடுக்கிறேன் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கல்யாணப் போட்டோவில் அந்த ஓட்டைப் பல் தெரியும்படி வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு நிற்பான். அதற்குப் பிறகு முடி நரைத்து, பேரன் பேத்தி எடுத்து, அந்த அடி இரண்டு வீட்டுக்கும் பொதுவான கேலியாகவே ஆகிவிட்டது. சாப்பாட்டில் கல் கடித்தால், "எனக்கு ஒரு பல்லு கம்மி, நான் தப்பிச்சேன்," என்பார் மச்சான்.

இப்படி இருக்கையில் வேறொரு ஊரில் ஒரு வேன் டிரைவர் ஒரு குழந்தைக்குக் கொடுமை செய்துவிட்டான். ஏற்கெனவே ஜெயிலுக்குப் போய் வந்த ஆள் அவன். ஊரெல்லாம் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும், பெற்ற வயிறு. சட்டசபையில் அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். யார் மேலாவது கை வைத்ததற்காக என்றைக்காவது ஜெயிலுக்குப் போனவர்கள் பிள்ளைகள் ஏறும் வண்டியை ஓட்டக் கூடாது, சாகிற வரைக்கும் கூடாது என்று. ரேடியோவில் அதைக் கேட்டபோது நத்தை மாமா வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரியான சட்டம்," என்றார் மனைவியிடம். மனதாரத்தான் சொன்னார். அந்தப் பழைய அடியும் இந்தச் சட்டமும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சில வாரம் கழித்துப் போக்குவரத்து அதிகாரிகள் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தி, வண்டியை அணைக்கச் சொன்னார்கள். பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றினார்கள். எதற்காக உள்ளே போனீர்கள், யாரை அடித்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். வேனை வீட்டு வாசலில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். அன்று மாலை அந்தத் தெருப் பெண்கள் அவரைப் பார்த்ததும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். வேனை நிறுத்தியதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். இது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

டிரைவர்கள் சங்கத்தில் ஒருவர் அவரை ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, இந்தச் சட்டமே செல்லாது என்று மேல் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்றார். சட்டத்தின் மேலேயே வழக்கா என்று இவருக்குத் தலை சுற்றியது. மச்சானுக்கோ ஒரே உற்சாகம். முதல் நாள் கோர்ட்டுக்கு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்துவிட்டார். நீதிபதி கூப்பிட்டதும் கூண்டில் ஏறி, இது என் பல், நான் பேசியது தப்பு, அடி எனக்குச் சேர வேண்டியதுதான் என்று சொல்லி வாயைத் திறந்து காட்டுவதாக ஏற்பாடு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வக்கீலம்மா வராந்தாவிலேயே அவரை உட்கார வைத்தார். "இந்தக் கோர்ட்ல சாட்சி கிடையாதுண்ணே. இவர் நல்லவரா கெட்டவரான்னு அவங்க பாக்கப்போறதில்ல. நாட்டுக்கு ஒரு பெரிய சட்டம் இருக்கு, அரசியலமைப்புன்னு. சட்டசபை போடுற எந்தச் சட்டமும் அதுக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா செல்லாது. அடங்குதா இல்லையான்னு பாக்குறதுதான் இவங்க வேலை."

"அப்ப அடி?"

"அடியைப் பத்திப் பேச்சே இல்ல."

"பல்லு?"

"பல்லும் இல்லண்ணே."

மச்சானின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப எங்க மாப்ள இங்க எதுக்கு?" என்றார்.

சட்டம் யாரையாவது கடித்தால்தான் இந்தக் கோர்ட் அதைத் திரும்பிப் பார்க்கும், கடிபட்டவர் இவர், அதற்காகத்தான் என்று வக்கீலம்மா விளக்கினார். கடித்த இடத்தைப் பார்க்க மாட்டார்களாம், கடித்த வாயை மட்டும் பார்ப்பார்களாம் என்று மச்சான் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். ஆனாலும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. என்றைக்காவது கூப்பிட்டால் என்ன செய்வது என்று அந்த வெள்ளைச் சட்டையிலேயே வந்தார்.

உள்ளே உயரமான நாற்காலிகளில் வரிசையாக நீதிபதிகள். கீழே கறுப்பு அங்கிக் கூட்டம். கடைசி பெஞ்சில் இவர்கள் இருவரும். மனுதாரர், மனுதாரர் என்று யாரையோ சொல்கிறார்களே என்று நத்தை மாமா முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அது தான்தான் என்று தெரிந்த பிறகு, அந்தச் சொல் வரும்போதெல்லாம் மரியாதையாக எழுந்து நின்றார். கோர்ட் சேவகர் கையால் உட்காருங்கள் என்று காட்டுவார். உட்காருவார். மறுபடி மனுதாரர் என்பார்கள், மறுபடி பாதி எழுவார். முழங்கால் வலிதான் மிச்சம். மேலே இருந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அரசாங்க வக்கீல் நன்றாகத்தான் பேசினார். பிள்ளைகளைக் காப்பது அரசாங்கத்தின் கடமை, எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், கோட்டை எங்கே போடுவது என்பது மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்களின் வேலை, கோர்ட்டின் வேலை இல்லை என்றார். நீதிபதிகளும் தலையாட்டினார்கள். சட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்ல நாங்கள் உட்காரவில்லை, அது வேலியைத் தாண்டுகிறதா என்று மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். வக்கீலம்மா எழுந்து, நோக்கம் நல்லதுதான், ஆனால் அதற்கு இவ்வளவு பெரிய வலை எதற்கு என்று கேட்டார். குழந்தையைக் கெடுத்தவனும் இளவயதில் சிநேகிதனை ஒரு அடி அடித்தவனும் ஒரே மூட்டைக்குள்ளா என்றார். ஒரே குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து முடித்தவனுக்குப் புதிதாக இன்னொரு தண்டனையா, அதுவும் ஆயுசுக்கும், ஒரு வார்த்தை கேட்காமலா என்றார். அரசாங்க வக்கீலோ, சட்டத்தை ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்க முடியாது என்றார்.

அப்போது ஓரத்தில் இருந்த வயதான நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அளவெடுக்க வேணாம். ஆளையாவது பாத்தீங்களா?" என்றார்.

கடைசி பெஞ்சில் நத்தை மாமா எழுந்து நின்றுவிட்டார். இந்தத் தடவை யாரும் மனுதாரர் என்று சொல்லியிருக்கவில்லை. சேவகர் உட்காருங்கள் என்று காட்டினார்.

அவ்வளவு பேசியும் முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நீதிபதிகளில் ஒருவர் ஓய்வு பெற்றார், அந்தக் கண்ணாடிக்காரர்தான். புது ஆள் வந்ததும் முதலிலிருந்து பேச வேண்டுமாம். பிறகு அரசாங்க வக்கீல் மாறினார். அவருக்குப் படிக்க நாள் வேண்டுமாம். பிறகு கோடை விடுமுறை. பிறகு வேறு ஏதோ பெரிய வழக்கு குறுக்கே வந்தது. ஒவ்வொரு தடவையும் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, தள்ளிவைத்தாயிற்று என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். டிபன் பெட்டியைப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தே காலி செய்வார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் வெங்காய மண்டியில் சரக்கு வேன் ஓட்டினார். அதையும் மெதுவாகத்தான் ஓட்டினார். பள்ளம் வந்தால் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார். "யோவ், வெங்காயத்துக்குத் தலை சுத்தாதுய்யா, கொஞ்சம் மிதி," என்று மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து விரல் கணுவெல்லாம் வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்காது. வாசலில் வேன் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தார்ப்பாய் வெயிலில் வெளுத்து, மழையில் நைந்து, ஓரம் கிழிந்து, அதையும் அவள்தான் தைத்தாள். ஒருநாள் தெருவில் போன ஒரு கல்லூரிப் பையன் நின்று, நத்தை மாமாதானே என்று கேட்டான். வண்டி ஆடினால் குமட்டுகிற பிள்ளை அவன். மீசை முளைத்திருந்தது.

தீர்ப்பு நெருங்குகிறது என்று சொன்ன சமயத்தில் வக்கீலம்மா அவசரமாக வரச் சொன்னார். அவருடைய அறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஆடாத நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் மனைவியை உட்கார வைத்தார். சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்தவள், சேலையில் பிளீச்சிங் வாடை. அரசாங்கம் ஒரு வழி சொல்லுகிறது என்றார் வக்கீலம்மா. இவருக்கு மட்டும் இரக்கப்பட்டுத் தனிச் சலுகை கொடுக்கிறார்களாம். அடுத்த வாரமே வேனை எடுத்துக்கொண்டு போகலாம். வாங்கிக்கொண்டால் இவருக்குக் குறை என்று ஒன்று இருக்காது. குறை இல்லாதவர் வழக்கைக் கோர்ட் கேட்காது. தீர்ப்பு இல்லாமலே மூடிவிடுவார்கள். சட்டம் அப்படியே இருக்கும்.

"கடிபட்ட இடத்துல மருந்து போட்டுட்டு வாயை அப்படியே விட்டுடுறாங்க," என்றார் மச்சான்.

"அதேதாண்ணே. அவங்களுக்குத் தோத்துடுவோமோன்னு பயம் வந்துடுச்சு. ஆனா நாம ஜெயிப்போம்னு என்னாலயும் சத்தியம் பண்ண முடியாது. தோத்துட்டா இந்தச் சலுகையும் இருக்காது. முடிவு உங்க கையிலதான்."

மனைவி வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு எந்தச் சட்டமும் வேணாங்க. காலைல நீங்க வேனை எடுத்துட்டுப் போறத பாத்தாப் போதும். வாங்கிக்குங்க. என்னால முடியல."

அவருக்கும்தான் முடியவில்லை. முழங்கால் மடக்கினால் வலி, கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது என்பதுதான் உண்மை. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டார். "சலுகை குடுக்குறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம்மா?"

"இல்ல. அப்படியே குடுத்துடுவாங்க."

"விசாரிக்காமலே வெளிய தள்ளினாங்க. இப்ப விசாரிக்காமலே உள்ள சேத்துக்குறாங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "நாளைக்கு அந்தத் தெருவுல வேனை நிறுத்தினா, இரக்கப்பட்டு விட்ட ஆளுன்னுதான பிள்ளைய ஏத்துவாங்க? வேணாம்மா. அவங்க முடிவு சொல்லட்டும்."

மச்சான் அவரை மடையன் என்றார், கிறுக்கன் என்றார், உன் மண்டையில் அன்றைக்கே நான் திருப்பி ஒன்று போட்டிருக்க வேண்டும் என்றார். மனைவி எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாள் தட்டைத் தரையில் வைக்கும் சத்தம்தான் அவள் அவரிடம் பேசிய பேச்சு. அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஈரத் துணியைப் பிழிந்த கை அவளுடையது.

தீர்ப்பு நாளில் எல்லாவற்றையும் வாசிக்கவில்லை, கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தார்கள். சீக்கிரமே முடிந்துவிட்டது. வக்கீலம்மா திரும்பிப் பார்த்து, பாதிச் சிரிப்பு சிரித்தார். முழுவதும் ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை என்று வெளியே வந்து விளக்கினார். பிள்ளைகளைக் காக்கச் சட்டம் போடச் சட்டசபைக்கு உரிமை இருக்கிறது, அவர்கள் நாற்காலியில் நாங்கள் போய் உட்கார மாட்டோம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் சட்டம் இருக்கும். ஆனால் ஒரு ஆளை விசாரிக்காமலே ஆயுசுக்கும் கதவை மூடுகிற பகுதி அந்தப் பெரிய சட்டத்துக்குள் அடங்கவில்லை, அது மட்டும் செல்லாது. இனி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டு, பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

"அப்ப மறுபடியும் வரிசையா?" என்றாள் அன்றைக்குக் கூட வந்திருந்த மனைவி. பல நாளுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"மறுபடியும் வரிசைதாம்மா," என்றார் வக்கீலம்மா.

இவ்வளவு பாடுபட்டு ஜெயித்தது இன்னொரு வரிசையில் நிற்கிற உரிமையைத்தான். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, மேசைக்குப் பின்னால் கழுத்து வலிக்குப் பட்டை போட்ட ஒரு பெண் அதிகாரி. அவரும் களைத்துத்தான் இருந்தார். மூன்று நாற்காலி போடச் சொன்னார். தலையைத் திருப்ப முடியாததால் உடம்பையே திருப்பி நத்தை மாமாவை நேராகப் பார்த்தார்.

"உக்காருங்க ஐயா. என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு சொன்னார். வேனை ஓட்டுகிற மாதிரியேதான் சொன்னார், ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று எட்டிப் பார்த்து. மரக்கடை, டீ, அம்மாவைப் பற்றிய வார்த்தை, அடி, சிறை வாசலில் சட்டை, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்ட தெருப் பெண்கள், எல்லாம். அடித்தது தப்பு, அதற்கு உள்ளே இருந்தாயிற்று என்றார். அதிகாரி நடுவில் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பல் இதுதான் என்று எழுந்து வாயைப் பிளந்தார். இப்போது அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று ஓட்டை இருந்தது. எது மாப்பிள்ளை போட்டது, எது வயசு போட்டது என்று அவருக்கே தடுமாற்றம்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவியின் பக்கம் உடம்பைத் திருப்பினார். இப்பவும் இவருக்குக் கோபம் வருமா என்று கேட்டார்.

"வரும் மேடம்," என்றாள் அவள். "ஆனா அவருக்கு எல்லாமே மெதுவாத்தான் வரும். இவரு கோபம் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு மறந்தே போயிடும்."

வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் நத்தை மாமா சுவரில் தலையைச் சாய்த்தார். சாய்த்ததுதான் தெரியும், தூங்கிப்போனார். கோர்ட் பெஞ்சில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் ஒரு நாள் கண்ணயராத மனுஷன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலை சரிந்துவிடாமல் தோளைக் கொடுத்தார். அந்த வெள்ளைச் சட்டை கசங்கியது. அன்றைக்கு அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மாலையில் ஒரு ஆள் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டான். மனைவி உள்ளே போனாள். கண் பரிசோதனை ஒன்று மட்டும் பாக்கி, அதை நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம், மற்றதெல்லாம் முடிந்தது, இனி பிள்ளைகள் வேனை ஓட்டலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தார்கள். அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்றார் மச்சான் மெதுவாக.

அவள் வீங்கிய விரலை உதட்டில் வைத்தாள். "தூங்கட்டும்ணே. நாளைல இருந்து அவரு சீக்கிரம் எழுந்திரிக்கணும்."